புதுப்பிப்பு: ஹட்டன் பக்கத் தோட்டத்தில் குறைந்த செலவில் கோல், எஸ்எம்எஸ்

லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கும் பட்டன் போனுக்கு எந்த பக்கேஜ் லாபம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சரிவந்தது, "எந்த நெட்வேர்க்குக்கும் செல்லும் நிமிட பக்கேஜ் போடுங்க" என்ற யோசனைதான். சொந்த நெட்வேர்க்குக்கு மட்டும் இலவசம் தரும் பக்கேஜ் விலை குறைவு. ஆனால் கொழும்பில் உள்ள பிள்ளைகளிடம் வேறு சிம், அதனால் ஒவ்வொரு கோலும் மெயின் பெலன்ஸில்தான் வெட்டியது.

எதிர்பாராதது எஸ்எம்எஸ். ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: "வணக்கம்" கண்ணுக்கு 5, போனுக்கு 7. எழுபதைத் தாண்டினால் மெசேஜ் துண்டுகளாகப் பிரியும், துண்டுக்கு 67 எழுத்தாகக் குறையும். ஆக 140 வந்தால் 3 மெசேஜ் காசு. எழுதும்போது மூலையில் ஓடும் எண்ணிக்கையைப் பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் 160 கிடைக்கும், வாசிக்கத்தான் கொடுமை.

ஒரே போனில் இரண்டு நெட்வேர்க் சிம் போடும் யோசனை இங்கே எடுபடவில்லை. பள்ளத்து லயத்தில் ஒன்றுக்குத்தான் சிக்னல். மற்றது தேடித்தேடியே பட்டரியைத் தின்றது. கழற்றியாயிற்று.

பக்கேஜ் முடியும் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். முடிந்த பிறகு எடுக்கும் கோல் சாதாரண கட்டணத்தில் போகும்.