ஒறம்பரை (சொந்தக்காரங்க) குரூப்: தரங்கம்பாடி நடை

சங்கீதா அக்கா, இரவு 8:04
தரங்கம்பாடிக்கு 22 பேர் வர்றதாச் சொல்லியிருக்கீங்க. சனி ஞாயிறு வேண்டாமுங்க, வெள்ளி போயிட்டு சனி திரும்பிரலாம். ஞாயித்துக்கெழம காலைல சர்ச்சுல ஆராதனை இருக்கும், நடுவுல சுத்திப் பாக்கப் போறது மொறையில்ல.

கார்த்தி, 8:07
ஜன் சதாப்தி ரயிலு காலைல 7 மணிக்கு மேல கோயமுத்தூர்ல எடுக்கும். திருப்பூர், ஈரோட்லயும் ஏறிக்கலாம். 2 மணி வாக்குல மயிலாடுதுறை. அங்கிருந்து வேன்ல 30 கிலோமீட்டர் இருக்கும். செவ்வாக்கெழம மட்டும் அந்த வண்டி ஓடாது.

பெருந்துறை சித்தி, 8:09
சனிக்கெழம அதே வண்டில திரும்பறதுன்னா பாத்து முடியுமா கண்ணு?

கார்த்தி, 8:10
மத்தியானம் 3 மணிக்கு முன்னயே எடுத்துருவான் சித்தி. தரங்கம்பாடில 12:30க்கு வேன் நகரோணும்.

சங்கீதா அக்கா, 8:12
முடியும் சித்தி. ஊரு கையகலம்தான். நகர வாயில்ல இருந்து கடல் வரைக்கும் ராஜ வீதி ஒரு கிலோமீட்டர் கூட வராது. நின்னு பேசறதுலதான் நேரம் போகும்.

கோபி பெரியப்பா, 8:15
வாயில்ல ஆரம்பிச்சு கடலுக்குப் போறதுதானே அம்மிணி மொறை?

சங்கீதா அக்கா, 8:19
கப்பல்ல வந்தவனுக்கு வாசல் கடல்தானுங் பெரியப்பா. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் பண்ணி, டேனிஷ்காரங்க டான்ஸ்போர்க் கோட்டையக் கரையோரமாத்தான் கட்டுனாங்க. இப்ப இருக்கற வாயில் 1792ல கட்டுனது. அது ஊருக்கு மேக்கால, காலைல போனா வெளிப்பக்கம் நெழல்ல கெடக்கும், மேல இருக்கற முத்திரை போட்டோல கருப்பாத்தான் விழும். வெள்ளிக்கெழம சாயங்காலம் 5 மணிக்கு அதைப் பாத்துக்கலாம். சனிக்கெழம வெள்ளென 6:30 மணிக்குக் கடல்ல இருந்து மேக்க நடந்தா வெயில் முதுகுல விழும், சுவரெல்லாம் வெளிச்சத்துல தெரியும்.

கோபி பெரியப்பா, 8:21
செரி, அது நாயம்.

சங்கீதா அக்கா, 8:26
மொதல்ல மாசிலாமணிநாதர் கோயில். 1306ல பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துது. முன்பக்கத்தக் கடல் தின்னுருச்சு. அலையத் தடுக்கக் கொட்டுன பாறைல பாசி இருக்கும், ஆரும் ஏறக் கூடாது, செல்ஃபிக்குங்கூட. அங்க நான் பேச மாட்டேன். அலைச் சத்தத்துல மூணாவது ஆளுக்கு மேல கேக்காது. கோட்டைச் சுவரோரம் வந்தப்பறம் 10, 12 பேரா ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சுக்கலாம்.

அவிநாசி அத்தை, 8:28
துறைமுகம் எங்க இருக்குது?

சங்கீதா அக்கா, 8:31
துறைமுகம்னு ஒரு கட்டடத்தத் தேடாதீங்க அத்தை. கரையோரம் ஆழமில்ல. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், சலங்குங்கற படகுல சரக்கு ஏத்தி எறக்குவாங்க. மொளகும் துணியும் போனது அப்படித்தான். கோட்டைல கீழ்த்தளம் கிடங்கு, மேல்தளத்துல கவர்னர், பாதிரியார், பெரிய வியாபாரிங்க. முட்டி வலிக்கறவங்க கீழயே நின்னுக்கலாம், மேல போகப் படிதான். உள்ள மியூசியம் 10 மணிக்கு முன்னால தொறக்காது. அதனால மொதல்ல வெளிச்சுத்து, அப்பறம் வீதி, கடைசியா மறுபடி கோட்டை.

கோபி பெரியப்பா, 8:35
வீதில சுவரையும் பாக்கச் சொல்லு. பழசெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. உப்புக்காத்தோட ஈரத்த அது உள்ள வாங்கும், மறுபடி வெளிய விட்டுரும். அது மேல சிமெண்டு பூசுனா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு உள்ளயே பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்கா உதிரும். செங்கல்லும் அரிச்சுரும். எங்க உதிருதுன்னு பாத்தா எங்க சிமெண்டு வெச்சாங்கன்னு தெரிஞ்சுரும். நம்மூர்ப் பழைய வீடுகள்லயும் இதே தப்பத்தான் பண்றாங்க.

அவிநாசி அத்தை, 8:37
தமிழ்ல மொதல்ல அச்சடிச்சது அங்கதானே?

சங்கீதா அக்கா, 8:42
மொதல்ல இல்லீங் அத்தை. போர்த்துக்கீசியர் 1578லயே கொல்லத்துல அடிச்சுட்டாங்க. தரங்கம்பாடிக்கு ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்தது 1706 ஜூலை 9. அச்சு எந்திரம் 1712ல வந்துது. ஜெர்மனி ஹாலேல செஞ்சு அனுப்புன தமிழ் எழுத்து ரொம்பப் பெருசு, காயிதம் தாங்கல. அதனால இங்கயே சின்ன எழுத்து வார்த்தாங்க. 1715ல புதிய ஏற்பாடு முழுசா வந்துருச்சு. பக்கத்துப் பொறையார்ல காயிதப் பட்டறையும் போட்டாங்க. அவரு அடக்கம் ஆன புது எருசலேம் சர்ச்சு 1718ல கட்டுனது. சீயோன் சர்ச்சு அதுக்கும் மூத்தது, 1701. ரெண்டும் ராஜ வீதிலதான். செருப்பைக் கழட்டிரோணும், போட்டோவுக்குக் கேட்டுட்டு எடுக்கோணும்.

கார்த்தி, 8:44
இங்கிலீஷ்காரன் எப்ப வாங்குனான்?

சங்கீதா அக்கா, 8:45
1845ல. வங்காளத்துச் செராம்பூரையும் சேத்து 12.5 லட்சம் ரூபாய்க்கு.

பெருந்துறை சித்தி, 8:47
வெயில் எப்படியிருக்கும்?

சங்கீதா அக்கா, 8:50
நம்மூரு வெயில் சுள்ளுன்னு அடிக்கும், அங்க கசகசன்னு ஒட்டும். வேர்வை காயாது, அதனால தாகம் எடுக்கறதுக்கு முன்னயே தண்ணி குடிச்சுரோணும். ஆளுக்கு ஒரு லிட்டர். ஐப்பசி, கார்த்திகை மழைல போக வேண்டாம், தை மாசி தோது. மணல்ல நடக்க வார் வெச்ச செருப்பு. கடல்ல காலு நனைக்கறதோட செரி, இழுவை சாஸ்தி. லாட்ஜுல இருந்து கெளம்பறப்பவே பாத்ரூம் போயிருங்க, வீதில தேடுனா நேரம் போயிரும்.

அவிநாசி அத்தை, 8:52
சாப்பாடு?

சங்கீதா அக்கா, 8:53
மீன்தானுங். அரிசிம்பருப்புச் சோறு தேடுனா பட்டினிதான். கவுச்சி சாப்புடாதவங்க சனிக்கெழம காலைக்கு இட்லிப் பொடியும் தக்காளித் தொக்கும் கட்டிக்குங்க.

கார்த்தி, 8:56
ஒரு டிக்கெட்ல 6 பேருதான். 22க்கு நாலு டிக்கெட் ஆகுது. முன்பதிவு 60 நாளைக்கு முன்ன தொறக்கும். பேரு, வயசு, எந்த ஸ்டேஷன்ல ஏறறீங்கன்னு இன்னைக்கு ராத்திரியே போட்டுருங்க. போர்டிங்கை அப்பறம் மாத்தச் சொன்னா டிக்கெட்ல இருக்கற ஆறு பேருக்கும் மாறிப்போயிரும். ஈரோடு ஒரு டிக்கெட்டு, திருப்பூர் ஒரு டிக்கெட்டுன்னு பிரிச்சுப் போடறேன்.

கோபி பெரியப்பா, 8:57
நானும் உங்க பெரியம்மாவும் ஈரோடு. 67, 61. வாசப்படிக்குப் பக்கத்துல சீட்டுப் பாரு.