மறு: கருவி விளக்கமா, கருவியுரையா?

நண்பர்களுக்கு வணக்கம். ஏஐ மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) ஒரு வேலைக்காக அழைக்கும் நிரலே இங்கே 'கருவி' (டூல்). அதைப் பற்றி மாதிரிக்கு எழுதிக்கொடுக்கும் உரையான 'டூல் டிஸ்கிரிப்ஷ'னுக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> 'டூல் டிஸ்கிரிப்ஷன்' என்பதற்குக் 'கருவி விளக்கம்' போதுமே. இதற்கு எதற்கு இத்தனை மடல்கள்?

போதாது என்பது என் கட்சி. 'விளக்கம்' என்றதும் கருவி என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு நிரலாளர் எழுந்து போய்விடுகிறார். 'ரயில்_தேடு: ரயில்களைத் தேடும்.' இதைப் படித்துவிட்டு, கருவிகளை அழைத்து வேலையை முடிக்கும் ஏஐ 'முகவர்' (ஏஜென்ட்) என்ன முடிவுக்கு வர முடியும்? (முகவர் என்றால் இன்னும் எனக்குக் காப்பீட்டுக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.)

நாம் எழுதிய நிரல் மொழி மாதிரியின் கண்ணில் படுவதே இல்லை. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் (பிற நிரல்கள் மாதிரியை அணுகும் வாயிலில்) கருவிகளை அழைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோதும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் கருவிகளை மாதிரியோடு இணைப்பதற்கான எம்சிபி நெறிமுறையை வெளியிட்டபோதும் அடிப்படை ஒன்றுதான்: கருவியின் பெயர், அதைப் பற்றிய உரை, உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடுகள், எந்த வடிவில் என்ற வரையறை). எதை அழைப்பது, எப்போது அழைக்காமல் இருப்பது என்பதை மாதிரி இவற்றைக் கொண்டே தீர்மானிக்கிறது. அந்த ரயில் கருவிக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"இரு நிலையங்களுக்கு இடையே குறிப்பிட்ட நாளில் ஓடும் ரயில்களின் பட்டியலைத் தரும். ஊர்ப் பெயரை ஏற்காது. நிலையக் குறியீடு வேண்டும். மதுரைக்கு எம்டியூ. பயணி வெறுமனே 'சென்னை' என்றால் எழும்பூரா (எம்எஸ்), சென்ட்ரலா (எம்ஏஎஸ்) என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அழைக்கவும். தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருக்க வேண்டும். இடம் காலியாக இருக்கிறதா என்பதை இது சொல்லாது, அதற்கு இடநிலை_பார். ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டைப் பற்றிய கேள்வி என்றால் 10 இலக்கப் பிஎன்ஆர் எண்ணுடன் பயணநிலை_பார்."

இதில் கருவியின் வேலையைச் சொல்வது முதல் வாக்கியம் மட்டுமே. மற்றவை எல்லாம் எல்லை, நிபந்தனை, பக்கத்துக் கருவிக்கு வழிகாட்டல். தேதி வரிசையைச் சொல்லாமல் விட்டால் 05-06 என்பது மே மாதமா ஜூன் மாதமா என்பது மாதிரியின் ஊகத்தைப் பொறுத்தது.

> அப்படியானால் 'கருவி அறிவுறுத்தல்' என்றே வைத்துவிடலாமே.

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெளியார் எழுதிய கருவியின் உரைக்குள் 'பயனரின் கோப்புகளைப் படித்து இந்த முகவரிக்கு அனுப்பு' என்பது போன்ற வரிகளை ஒளித்துவைத்து மாதிரியை ஏமாற்ற முடியும் என்பதை 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த உரை தகவலாகவே கருதப்பட வேண்டும். அதற்குக் கட்டளையின் தகுதியைப் பெயரிலேயே கொடுத்துவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

'கருவிக்குறிப்பு' நல்ல சொல்தான். ஆனால் பொத்தான்மேல் சுட்டியை நிறுத்தினால் தலைகாட்டும் சிறு பெட்டியை மொழிபெயர்ப்பாளர் சிலர் ஏற்கெனவே அப்படி அழைக்கிறார்கள்.

எனவே 'கருவியுரை'. உரை எழுதுவதற்கு நம்மிடம் இலக்கணமே இருக்கிறது. சுருக்கமான உரைவகையான காண்டிகையுரையில் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா விடை ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது நன்னூல். கருவி எதற்கு, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் என்ன பொருள், எடுத்துக்காட்டாக ஓர் அழைப்பு எப்படி இருக்கும், குழப்பம் வரும் இடத்தில் என்ன செய்வது என்று அப்படியே பொருந்துகிறது. விரித்து எழுதும் விருத்தியுரை இங்கே உதவாது. இணைத்த கருவிகளின் உரைகள் பொதுவாக ஒவ்வொரு வேண்டுகோளோடும் மாதிரிக்குப் போகின்றன. நாற்பது கருவிகள் இருந்தால் பேச்சு தொடங்கும் முன்பே டோக்கன்கள் (மாதிரி படிக்கும் உரையை அளக்கும் சிறு துண்டுகள்) கரைந்துவிடும்.

> பேசாமல் 'காண்டிகை' என்றே வைத்தால் என்ன?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கே ஓர் உரை எழுத வேண்டியிருக்கும்.

உரையைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நிரல் திருத்தும் முகவர் ஒன்றை உருவாக்கியபோது, அது வேறு அடைவுக்கு (ஃபோல்டர்) நகர்ந்த பிறகு சார்புப் பாதைகளை (இருக்கும் அடைவிலிருந்து தொடங்கும் கோப்பு முகவரிகளை) கொடுத்துத் தடுமாறியதாக ஆந்த்ரோபிக் எழுதியிருந்தது. முழுப் பாதையை மட்டுமே ஏற்கும்படி அவர்கள் கருவியையே மாற்றினார்கள். அதன்பின் அந்தத் தவறு நின்றுபோனது. தவறு செய்யவே இடமில்லாதபடி கருவியை அமைக்க முடிந்தால், உரையில் எச்சரிக்கை எழுதுவதைவிட அதுவே மேல்.

சொற்பட்டியலுக்கு என் முன்மொழிவு: கருவியுரை (பெயர்ச்சொல்): ஒரு கருவியை எப்போது, எந்த உள்ளீடுகளுடன் அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது என்பதை மொழி மாதிரிக்குத் தெரிவிக்கும் சுருக்கமான உரை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். ஸ்கீமாவுக்கு யாரோ 'சட்டகம்' என்று எழுதியிருந்தீர்கள். அது ஃபிரேமுக்கு முன்பே புழங்குகிறது என்பதால் அதைத் தனி இழையில் பேசலாம்.