மறு: ஒவ்வாமை ஊசியின் இரண்டு கட்டங்களுக்கும் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தூசி ஒவ்வாமைக்கு ஊசி போட்டுக்கொள்வோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மருந்தின் அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டும் முதற்கட்டத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு ஊசி என 3 முதல் 6 மாதம். உரிய அளவை எட்டியபின் அதே அளவு மருந்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை என 3 முதல் 5 ஆண்டு. இவ்விரண்டுக்கும்தான் பெயர் தேடுகிறோம்.

1906இல் மருத்துவர் பிர்கே 'பிற', 'வினை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்தே 'அலர்ஜி' என்றார். ஆகவே 'பிறவினையூசி' என்றே தொடங்கலாம் என்கிறார் புலவர் ஐயா. வேர் சரியே. ஆனால் பிறவினை என்றதும் நமக்கு 'உண்பித்தான்' அல்லவா நினைவுக்கு வரும்? 'உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த 'ஒ' என்னும் வேரில் பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயரான ஒவ்வாமை இருக்க, வேறு எதற்கு?

இரண்டாம் கட்டத்துக்கு நான் முன்மொழிந்த 'நிலைநிறுத்தூசி'யை நானே கைவிடுகிறேன். மாதிரிப் படியில் அச்சொல் வரியோரத்தில் உடைந்து, 'நிலை' மேலும் 'நிறுத்தூசி' கீழுமாக விழுந்திருந்தது. அதைப் படித்த ஓர் அம்மா, "அப்போ இதோட நிறுத்திடலாமா?" என்று கேட்டார். இடைவெளி நீண்டுவிட்டால் அளவைக் குறைத்துப் பழையபடி ஏற வேண்டியிருக்கும் சிகிச்சையில், நம் சொல்லே ஒருவரை நிறுத்தச் சொல்வது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. முதற்கட்டத்துக்கான 'ஏற்றூசி'யும் உதவாது. ஊசி ஏற்றுவது என்றாலே ஊசி போடுவதுதான்.

'வாரமிருமுறை', 'இருவாரமொருமுறை' என்று ஒட்டி எழுதுவதையும் தவிர்ப்போம். அவசரத்தில் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். '14 நாளுக்கு ஒருமுறை' என்பதில் ஐயமில்லை.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'படியேற்ற ஊசி', 'தொடரூசி' என்பவற்றை ஏற்றிருக்கிறார்கள். கையேட்டில் அவற்றையே இட்டிருக்கிறேன். முழுச் சிகிச்சையும் தொடர்தானே, பிற்பாதிக்கு மட்டும் அப்பெயர் எப்படிப் பொருந்தும், 'நிலையூசி' என்பதே சரி என்று ஐயா மறுக்கிறார். அந்த மறுப்புக்கு என்னிடம் விடையில்லை. வியாழன் மாலைக்குள் இதனினும் நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.