புதுப்பிப்பு: கஜா புயல், எங்கள் ஊருக்குப் போன லாரி

2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயலில் இருண்டுபோன வேதாரண்யம் பக்கத்து எங்கள் ஊருக்காகப் பெங்களூர் நண்பர்களிடம் உதவி கேட்டு எழுதியிருந்தேன். அல்சூர், ஸ்ரீராமபுரத்தில் சேர்ந்த தார்ப்பாய், கொசுவலை, மெழுகுவர்த்தி எல்லாம் கலாசிபாளையத்தில் லாரி ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. கொடுத்த எல்லோருக்கும் நன்றி.

மின்சாரம் ஏன் இன்னும் வரவில்லை என்று பலர் கேட்டீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்த புயல் இது. முதலில் துணைமின் நிலையம், பிறகு உயர் அழுத்தக் கம்பி, அப்புறம் டிரான்ஸ்பார்மர், கடைசியில்தான் தெருவும் வீடும். வயலுக்குள் லாரி போகாது. சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போகிறார்கள். விழுந்த தென்னையை அறுத்து வழிவிடுவதும் குழி தோண்டுவதும் ஊர்க்காரர்கள், கம்பி இழுப்பது மின்வாரிய ஆட்கள். கேரளத்திலிருந்தும் குழுக்கள் வந்து வேலை செய்கின்றன. வீடிழந்தவர்களே அவர்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறார்கள், கேட்கும்போதே மனசு நிறைகிறது.

ஜெனரேட்டர் அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்: மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டு வயரிங்கில் இணைத்தால் மின்சாரம் திரும்ப லைனில் பாயும். கம்பத்தில் ஏறி நிற்பவரின் உயிர் போய்விடும். ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

துணி போதும். மரம் அறுக்கும் இயந்திரம், கயிறு, கையுறை தர முடிந்தவர்கள் ஞாயிறுக்குள் சொல்லுங்கள், அடுத்த லாரியில் ஏற்றிவிடலாம்.