சிறிய உள்ளூர்த் தொழில்களிடம் வாங்குவதால் உண்மையில் என்ன நன்மை?

கேள்வி: தெளிவுதேடி

வணக்கம். சிறிய உள்ளூர்க் கடைகளையும் பட்டறைகளையும் ஆதரிக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அவர்களும் பிழைக்க வேண்டாமா" என்ற அளவிலேயே பதில் நின்றுவிடுகிறது. என் அண்ணன் இதை ஏற்பதில்லை. அதே பொருளைப் பெரிய நிறுவனம் குறைந்த விலையில் வாசலுக்கே கொண்டுவந்து தரும்போது, கூடுதலாகக் கொடுத்து அருகில் வாங்குவது தருமமாக இருக்கலாம், பொருளாதாரமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். இரக்கத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், வாங்குபவருக்கும் ஊருக்கும் அளந்து சொல்லக்கூடிய நன்மை ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: கணக்கெழுதுபவர்

அளந்து சொல்ல முடியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல தொழில்களுக்குக் கணக்கெழுதி வருகிறேன். நீங்கள் கல்லாவில் கொடுத்த பணம் அதன் பிறகு எங்கே போகிறது என்பது செலவுப் பேரேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். உரிமையாளர் தாமே நடத்தும் தொழிலின் பேரேட்டில், பெயர்ப்பலகை எழுதியவர், பில் புத்தகம் அச்சிட்டவர், மின்இணைப்பைச் சரிபார்த்தவர், சரக்கு ஏற்றிவந்த வண்டிக்காரர், என்னைப் போன்ற கணக்கர் என்று அதே ஊர்க்காரர்களின் பெயர்களே வரிசையாக வரும். ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபத்திலும் பெரும்பகுதி உரிமையாளரின் வீட்டுச் செலவாக அங்கேயே இறங்கும். பல ஊர்களில் கிளை பரப்பிய நிறுவனத்தின் கிளைக் கணக்கிலோ, சம்பளம், வாடகை ஆகியவற்றைத் தாண்டி ஊருக்குள் நிற்பது சொற்பம். விளம்பரம், சட்ட ஆலோசனை, மென்பொருள், கொள்முதல் ஆகிய அனைத்தும் தலைமையகத்தில் முடிவாகி, பெரும்பாலும் அங்கேயே செலவாகின்றன.

லண்டனைச் சேர்ந்த நியூ எக்கனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு 2002-ஆம் ஆண்டில் இதை அளக்க எளிய முறையொன்றை வெளியிட்டது. பணம் கைமாறும் முதல் மூன்று சுற்றுகளை மட்டும் பின்தொடர்வதால் அதற்கு எல்எம்3 (லோக்கல் மல்டிப்ளையர் 3, அதாவது உள்ளூர்ப் பெருக்கி) என்று பெயர். கணக்கு கடினமானதன்று. ஊருக்குள் வரும் 100-இல், ஒவ்வொரு கைமாற்றத்திலும் 80 விழுக்காடு உள்ளேயே செலவானால், 100, 80, 64 என்று மூன்று சுற்றில் 244 அளவுக்கு ஊராருக்கு வரவு உண்டாகும். 20 விழுக்காடு மட்டுமே தங்கினால் 100, 20, 4 என்று 124-உடன் முடிந்துவிடும். வந்த தொகை ஒன்றுதான். வெளியே ஒழுகும் அளவில்தான் வேறுபாடு.

நடைமுறை எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் புத்தகமும் இசைத்தட்டும் விற்கும் கடைகளைச் சிவிக் எக்கனாமிக்ஸ் என்ற நிறுவனம் 2002-இல் ஆராய்ந்தது. வாடிக்கையாளர் செலவிடும் 100 டாலரில், உள்ளூர் உரிமையாளர்களின் கடைகள் வழியாக ஏறத்தாழ 45 டாலரும், நாடெங்கும் கிளைகள் கொண்ட கடை வழியாக 13 டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்குப் பயன்படுவதாக அது மதிப்பிட்டது. உங்கள் அண்ணன் பொருளாதாரம்தான் பேச விரும்புகிறார் என்றால், இந்தப் பேரேட்டிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

மறுமொழி: பொருளியல் ஆசிரியர்

மேலே சொல்லப்பட்ட சுழற்சி உண்மையே; எனினும் அதை அளவுக்கு மீறி நீட்டிவிடக் கூடாது. ஆஸ்டின் ஆய்வு ஒரு நகரத்தையும் இரண்டே வணிகங்களையும் பற்றியது. தவிரவும், ஓர் ஊரைவிட்டு வெளியேறும் பணம் இன்னோர் ஊரின் வருமானமாகிறது. ஆகவே ஊருக்குக் கிடைக்கும் நன்மையை அப்படியே நாட்டுக்குக் கிடைக்கும் நன்மையாகக் கொள்ள முடியாது. குறைந்த விலையில் வாங்கியவர் மிச்சப்படுத்திய தொகையும் எங்கோ செலவாகத்தான் போகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. புதிய வேலைகளில் பெரும்பங்கைச் சிறு நிறுவனங்களே உருவாக்குகின்றன என்று 1979-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பர்ச் எழுதியது முதல் அந்தக் கூற்று மேடைதோறும் ஒலித்துவருகிறது. ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா ஆகிய பொருளியலாளர் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவனங்களின் வயதையும் சேர்த்துப் பார்த்தபோது, வளர்ச்சிக்குக் காரணம் சிறிதாக இருப்பதைக் காட்டிலும் இளமையாக இருப்பதே என்று தெரியவந்தது. இது அமெரிக்காவைப் பற்றிய முடிவு. ஆனால் புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஏறக்குறைய எல்லாமே சிறியவையாகத்தான் தொடங்குகின்றன. ஆகவே, சிறியது என்பதற்காகவே ஒன்றைப் பாதுகாக்க வேண்டியதில்லை என்றும், புதியவர் ஒருவர் துணிந்து கடை திறக்கக்கூடிய இடமாக ஊர் எப்போதும் இருக்க வேண்டும் என்றும் நான் கருதுகிறேன். முதல் ஆண்டில் நம்பி வரும் வாடிக்கையாளர்கள் இல்லாமல் அது நடக்காது.

இதன் அளவையும் மறந்துவிட வேண்டாம். உலகத் தொழில் நிறுவனங்களில் சுமார் 90 விழுக்காடும், வேலைவாய்ப்பில் 60 முதல் 70 விழுக்காடும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களைச் சேர்ந்தவை என்று ஐக்கிய நாடுகள் சபை குறிப்பிடுகிறது. 2017-இல் அச்சபை ஜூன் 27-ஐ அவற்றுக்குரிய நாளாகவும் அறிவித்தது.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. மானிடவியலாளர் வால்டர் கோல்ட்ஷ்மிட் 1940-களில் கலிபோர்னியாவின் ஆர்வின், டைனூபா என்ற இரண்டு ஊர்களை ஒப்பிட்டார். விளைச்சலின் மதிப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆர்வினைச் சூழ்ந்திருந்தவை பெரும்பண்ணைகள், டைனூபாவைச் சூழ்ந்திருந்தவை குடும்பப் பண்ணைகள். கடைகளும் பள்ளிகளும் பொதுச் சங்கங்களும் டைனூபாவிலேயே மிகுந்திருந்தன. இரண்டு ஊர்களுக்கும் வேறு வித்தியாசங்களும் இருந்தன என்று பிற்கால ஆய்வாளர்கள் மறுத்ததுண்டு. ஆயினும் உடைமை எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பது ஊரின் பொதுவாழ்வைத் தொடுமா என்ற அவருடைய கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது.

மறுமொழி: அச்சகத்தார்

ஆய்வுகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சிறிய அச்சகம் நடத்துபவன். வாங்குபவருக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கு என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய மாலை ஒரு மாணவி அச்சிட்டுக் கட்டித் தரும்படி கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். தாள்களை அடுக்கித் தட்டும்போது 63-ஆம் பக்கத்தை அடுத்து 65-ஆம் பக்கம் வந்தது. இயந்திரத்தின் பிழையா என்று கோப்பைத் திறந்து பார்த்தால், அங்கேயே ஓர் அட்டவணை விடுபட்டிருந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்து, அட்டவணையை அனுப்பச் சொல்லி, அதன்பிறகே பசை தடவினேன். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. செய்பவனும் உரிமையாளனும் ஒரே ஆளாக இருப்பதாலும், நாளை அதே முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதாலும் இப்படிப்பட்ட கவனம் தானாக வந்துவிடுகிறது.

எங்களுக்கு இரக்கம் வேண்டாம். வேண்டியது, பேசிய தேதியில் பணம். காகிதத்தையும் மையையும் ரொக்கத்துக்கு வாங்குகிறோம். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு எங்கள் பில் மட்டும் மேசை மேசையாக நகர்கிறது. ஒரு முறை ஒரு பெரிய அலுவலகம் என் பில்லை ஐந்து மாதம் நிறுத்திவைத்தது. அந்த ஐந்து மாதமும் என் ஏட்டில் லாபம் இருந்தது, கையில் காசு இல்லை. வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கியதும் புதியது வாங்க முடியாமல், வந்த வேறொரு வேலையைத் திருப்பி அனுப்பினேன். நல்ல பெயரும் நிறைய வேலையும் இருந்தும் பூட்டப்பட்ட பட்டறைகளை நான் அறிவேன். பெரும்பாலும் காரணம் இதுதான். சிறு தொழிலை ஆதரிக்க விரும்புகிறவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும், வேலையைச் சில நாள் முன்னதாகக் கொடுங்கள், பணத்தைத் தாமதிக்காதீர்கள். குறை இருந்தால் ஊருக்குச் சொல்வதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். அன்றே திருத்த முடியும்.

மறுமொழி: தெளிவுதேடி

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் ஐயாவின் பதிலை அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்பது ஒன்றுதான்: விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால், எதை அருகில் வாங்குவது, எதை விட்டுவிடுவது?

மறுமொழி: கணக்கெழுதுபவர்

எல்லாவற்றையும் அருகில்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தொலைதூரத் தொழிற்சாலையில் செய்து, பெட்டியிலிட்டு மூடிய பொருளைச் சிறு கடையில் வாங்கினாலும் அதன் விலையில் பெரும்பகுதி வெளியேதான் போகும். கடைக்காரருக்கு மிஞ்சுவது சிறிய இலாப விளிம்பு மட்டுமே. தையல், அச்சு, மரவேலை, பழுதுபார்த்தல் போன்றவற்றில் நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி உழைப்புக்கான கூலி. அது ஊரிலேயே தங்குகிறது. ஆகவே கூலி மிகுந்த செலவுகளை முதலில் அருகில் கொண்டுவாருங்கள். பெட்டிப் பொருளிலும், பொருத்தித் தரவும் பின்னர் பழுது பார்க்கவும் ஆள் தேவைப்படுவதாக இருந்தால், அந்தச் செலவையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள். கடந்த மாதத்துச் செலவுச் சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு அண்ணனும் நீங்களும் ஒருமுறை இப்படிப் பிரித்துப் பாருங்கள். எந்தெந்த வரியை இடம் மாற்றலாம் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.