அக்காவுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: காப்பீட்டு நிறுவனம் பணம் தருமா?

கேள்வி: இளையவன்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 43. உயரம் 162 சென்டிமீட்டர், எடை 104 கிலோ. 6 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. மாத்திரைகளோடு இப்போது இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். அப்படியும் கடைசிப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.6 என்று வந்தது. இரவில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதை நாங்களே பார்த்திருக்கிறோம். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி என்று எத்தனையோ முயன்றுவிட்டார்; இறங்கிய எடை ஓராண்டுக்குள் திரும்பி ஏறிவிடுகிறது. இப்போது அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவது) அல்லது பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைப்பது) செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அக்காவின் பெயரில் 4 ஆண்டுகளாக மருத்துவக் காப்பீடு உள்ளது. ஆனால், "எடைக் குறைப்புச் சிகிச்சைகளுக்குப் பணம் வழங்கப்படாது" என்று ஒரு வரி அந்தப் பாலிசியில் இருக்கிறது. அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிட்டதா, அல்லது வழி ஏதேனும் உண்டா? மருத்துவமனையில் முன்பணம் கட்டி நாள் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முதலில் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கிளைம் செய்வது சரியாக இருக்குமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். அக்காவின் உடல்நிலையைப் பார்க்கையில் நாள் கடத்தவும் மனம் வரவில்லை.

பதில் 1: பழைய_கோப்பு

ஐயா, நான் காப்பீட்டு நிறுவனமொன்றின் கிளைம் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: எழுத்து மூலமான முன் அனுமதி கைக்கு வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். இது நெஞ்சுவலிபோல் ஓடிப்போய்ச் சேர வேண்டிய சிகிச்சை அன்று; திட்டமிட்டுச் செய்வது. திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சையில் முன் அனுமதி கேட்காமல் செய்துவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால், மற்றத் தகுதிகள் எல்லாம் இருந்தும் அந்த ஒரு காரணத்துக்காகவே மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

அந்த விலக்கு வரியை முழுவதுமாகப் படியுங்கள். சுருக்கத் தாளில் ஒரு வரியாக இருப்பது, பாலிசியின் முழு ஆவணத்தில் பெரும்பாலும் ஒரு பத்தியாக இருக்கும். அந்தப் பத்தியின் பின்பாதியில் "கீழ்க்காணும் நிபந்தனைகள் நிறைவேறினால் தவிர" என்று தொடங்கும் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த மறுப்புகளில் கணிசமானவை, கேட்டவர்களும் மறுத்தவர்களும் அந்தப் பின்பாதியைப் படிக்காததால் வந்தவை. விதிவிலக்கே இல்லாத முழு விலக்கு என்றால், நான் கீழே சொல்பவற்றால் அதை மாற்ற இயலாது. அப்போது வேறு வழிகளைத்தான் யோசிக்க வேண்டும்.

நிபந்தனைகள் இருந்தால், அவை பெரும்பாலும் 1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டின் அளவுகோலை ஒட்டியவையாக இருக்கும்: உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து, அதனோடு நீரிழிவு, கடுமையான உறக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்ற ஒன்று. உங்கள் அக்காவின் கணக்கு 39.6 வருகிறது. ஆகவே எடையை மட்டும் காட்டினால் போதாது. நீரிழிவும் மூச்சுத்தடையும்தான் இந்தக் கோரிக்கையின் தூண்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மருத்துவமனைச் சீட்டில் உயரம் 161 என்று எழுதப்பட்டிருந்தால் அதே 104 கிலோவுக்குக் குறியீட்டெண் 40.1 ஆகிவிடும். சீட்டுக்குச் சீட்டு உயரம் மாறியிருந்தால் பரிசீலிப்பவருக்கு ஐயம் எழும். செருப்பில்லாமல் ஒருமுறை முறையாக அளந்து, எல்லா ஆவணத்திலும் அந்த ஒரே அளவு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டில் எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், குறியீட்டெண் 35 இருந்தாலே துணை நோய் இருக்கிறதோ இல்லையோ அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், நீரிழிவு இருப்பவர்களுக்கு 30 இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் நிறுவனம் பார்ப்பது பாலிசியில் அச்சிட்டிருப்பதைத்தான். மேல்முறையீடு என்று வந்தால் இந்தப் பரிந்துரை உதவும். முதல் விண்ணப்பத்தில் பாலிசியின் சொற்களையே பிடித்துக்கொள்ளுங்கள்.

குறட்டையை நீங்கள் பார்த்தது சான்றாகாது. ஸ்லீப் ஸ்டடி (உறங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் பரிசோதனை) செய்யுங்கள். உறக்கத்தில் மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு தடைப்பட்டால் அது கடுமையானது என்று வகைப்படுத்துவார்கள்; 15 முதல் 30 வரை நடுத்தரம். பாலிசியில் "கடுமையான" என்ற சொல் இருந்தால் இந்த எண்தான் முடிவு செய்யும்.

பதில் 2: தென்றல்52

நான் பைபாஸ் செய்துகொண்டு 5 ஆண்டுகள் ஆகின்றன. முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அனுமதி பெற்றேன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வந்த மறுப்புக் கடிதத்தில், "அறுவை அல்லாத முறைகள் முயலப்பட்டதற்குப் போதிய ஆதாரம் இல்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. 15 ஆண்டுகளாக நான் வேறெதைச் செய்தேன்? ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது உண்மை புரிந்தது: நான் பட்ட பாடு எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. வீட்டு எடைப்பொறியில் நானே பார்த்துக்கொண்டேன், நானே பட்டினி கிடந்தேன். மருத்துவர் எழுதியிருந்ததெல்லாம் "எடையைக் குறைக்கவும்" என்ற இரண்டு சொற்கள்தாம்.

பிறகு, நிறுவனம் கேட்டபடி 6 மாதம் மாதந்தோறும் ஒரே மருத்துவரிடம் போனேன். ஒவ்வொரு முறையும் தேதி, எடை, அன்று சொல்லப்பட்ட உணவுமுறை, அதை நான் எவ்வளவு கடைப்பிடித்தேன் என்பது, மருத்துவரின் கையெழுத்து ஆகிய அனைத்தும் சீட்டில் இருக்குமாறு கேட்டு வாங்கினேன். ஒரு மாதம் காய்ச்சலால் போக முடியாமல் போனபோது, தொடர்ச்சி அறுந்துவிட்டது, முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றார்கள். எனவே உங்கள் அக்கா ஒரு மாதத்தையும் விட்டுவிடக் கூடாது. உளவியல் நிபுணரின் மதிப்பீடும் கேட்டார்கள். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கைமுறையைப் புரிந்துகொண்டிருக்கிறோமா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

எனக்கு இருந்த பெரிய குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 6 மாதத்தில் எடை குறைந்து, குறியீட்டெண் வரம்புக்குக் கீழே போய்விட்டால் என்ன ஆகும்? உண்மையாக முயன்றதற்கே தண்டனையா? நான் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, இந்த 6 மாத முயற்சியைத் தொடங்கிய நாளின் எடையையே கணக்கில் கொள்வோம் என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லா நிறுவனமும் அப்படிச் சொல்லும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டாயக் காத்திருப்பு நோயாளிக்கு நன்மை செய்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று மேலே சொன்ன அமெரிக்கச் சங்கமே 2016இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் மருத்துவர் மேல்முறையீட்டுக் கடிதத்தில் அதையும் குறிப்பிட்டார். அதோடு சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வையும் எழுதினார்: அறுவை செய்துகொண்ட சுமார் 2000 பேரையும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற அதே அளவினரையும் சராசரியாக 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வயது முதலியவற்றைச் சரிசெய்த பிறகு, அறுவை செய்தவர்களிடையே இறப்பு 29 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2007இல் வெளியிட்டார்கள். இது அழகுக்கான சிகிச்சை அன்று, உயிருக்கான சிகிச்சை என்பதை என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மீண்டும்: இளையவன்

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. முழு ஆவணத்தையும் நேற்று இரவு எடுத்துப் படித்தேன். ஐயா சொன்னபடியே பின்பாதியில் நிபந்தனைகள் இருக்கின்றன: 35க்கு மேல், கட்டுப்படாத நீரிழிவு அல்லது கடுமையான உறக்க மூச்சுத்தடை. ஆனால் படிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டு, தூக்கமே போய்விட்டது. 4 ஆண்டுகளுக்கு முன்பு பாலிசி எடுத்தபோது நிரப்பிய விண்ணப்பத்தின் நகல் பின்னால் இணைக்கப்பட்டிருக்கிறது. நீரிழிவு உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அக்கா முகவரிடம் வாயால் சொன்னதாகச் சொல்கிறார்; படிவத்தை நிரப்பியவர் முகவர்; கையெழுத்து அக்காவுடையது. மருத்துவரிடம் சொல்லி, நீரிழிவு 3 ஆண்டுகளாகத்தான் இருக்கிறது என்று எழுதி வாங்கிவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்கிறார்.

பதில் 3: பழைய_கோப்பு

அந்த யோசனையைக் கேட்காதீர்கள், தம்பி. அக்காவின் பழைய ஆய்வக அறிக்கைகளும் மருந்துச் சீட்டுகளும் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. பெரிய தொகைக்கான கோரிக்கையில் நிறுவனம் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும். இன்றைக்கு இருப்பது படிவத்தில் நேர்ந்த ஒரு தவறு. அதற்கு விளக்கம் சொல்ல இடமிருக்கிறது. பொய்ச் சான்று ஒன்றைச் சேர்த்தால் அது மோசடியாகிவிடும். கிளைம் மட்டுமன்றி, பாலிசியே போய்விடும். உதவ நினைத்த மருத்துவரும் சிக்கலில் மாட்டுவார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முன் அனுமதி கேட்பதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதுவேன். அக்காவுக்கு நீரிழிவு எப்போது கண்டறியப்பட்டது, முகவரிடம் என்ன சொல்லப்பட்டது, படிவத்தை நிரப்பியவர் யார் என்பதை நடந்தது நடந்தபடியே எழுதி, பதிவேட்டைத் திருத்தக் கோருவேன். அவர்கள் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், முன்பே இருந்த நோய் என்று சேர்த்துப் புதிதாகக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) விதிக்கலாம், பாலிசியையே ரத்து செய்யவும் முயலலாம். இதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. எனவே அந்தக் கடிதத்தை அனுப்பும் முன் காப்பீட்டு வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்த பாலிசியை, மோசடி இல்லாதபோது இந்தக் காரணத்துக்காக மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. உங்கள் பாலிசிக்கு அது எத்தனை ஆண்டு என்பதை அவர் பார்த்துச் சொல்வார். அக்கா அன்றைக்குச் சொன்னதற்குச் சாட்சியாக மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இது தீரும்வரை வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்ற எண்ணமும் வேண்டாம். புதிய இடத்தில் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும்.

அனுமதி கிடைத்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த அறுவைக்கு அனுமதி வாங்கினீர்களோ அதையேதான் செய்ய வேண்டும். ஸ்லீவ் என்று அனுமதி வாங்கி, கடைசி நேரத்தில் பைபாஸ் செய்துவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு பெயர் வந்ததால் மாதக்கணக்கில் நின்றுபோன கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன். எதைச் செய்வது என்பதை அக்காவும் மருத்துவரும் விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யட்டும்.

பதில் 4: உணவியல்_பிரிவு

மருத்துவமனையில் இந்த நோயாளிகளைப் பார்க்கும் உணவியலாளர் நான். பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அறுவை நாளோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அக்கா வாழ்நாள் முழுவதும் வைட்டமின், தாதுச் சத்து மாத்திரைகள் எடுக்க வேண்டியிருக்கும்: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இவற்றை நிறுத்தினால் இரத்தசோகையும் எலும்புத் தேய்வும் நரம்புப் பாதிப்பும் வரலாம். முதலாண்டில் சில முறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாவது வழக்கம் என்பதால், அதைத் தடுக்கச் சில மாதங்களுக்கு மருந்து தருவதும் உண்டு. மருத்துவமனைக்கு உள்ளே தங்கிய செலவை மட்டும் தரும் பாலிசியில் இவை எதுவும் வராது. இன்சுலின் செலவு குறைவது இந்தப் பக்கத்தில் ஓரளவு ஈடு செய்யும். பலருக்கு முதல் சில வாரங்களிலேயே அளவு குறைகிறது, சிலருக்கு நின்றும் விடுகிறது.

மருத்துவமனை சொல்லும் தொகையில் எவை சேர்ந்துள்ளன என்று எழுதி வாங்குங்கள். தையலிட்ட இடத்தில் கசிவு, இரத்தக்கசிவு போன்ற சிக்கல் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாட்கள் இருக்க நேர்ந்தால், அது தனிக் கணக்கா என்று கேளுங்கள். பிற்காலத்தில் தொங்கும் தோலை அகற்றுவதை ஒப்பனைச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடுவார்கள். மடிப்புகளில் தீராத புண் இருந்து, அதற்கு மருந்து போட்டும் ஆறவில்லை என்ற பதிவு இருந்தால்தான் பேசவே முடியும். ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சல் முற்றி, பிறகு பைபாஸாக மாற்ற வேண்டி வருகிறது. வாழ்நாளில் ஒரு முறைதான் தருவோம் என்று வரம்பு வைத்த பாலிசிகளில் அந்த இரண்டாவது அறுவைக்குத் தடை வரலாம். அக்காவுக்கு இப்போதே நெஞ்செரிச்சல் இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

மீண்டும்: இளையவன்

அக்காவுக்கு நெஞ்செரிச்சல் நெடுநாளாகவே இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு இன்று தொலைபேசியில் பேசி, நாள் குறிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். வழக்கறிஞரைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. ஸ்லீப் ஸ்டடிக்கும் பதிவு செய்துவிட்டோம். உறவினரின் யோசனையை அக்காவிடம் சொன்னபோது, "நான் சொன்னதை அவர் எழுதவில்லை என்பதுதான் உண்மை, அதையே எழுது" என்றார். கடிதத்தை அப்படியே எழுதத் தொடங்கிவிட்டேன். நிறுவனத்தின் பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.