பதினொன்றாம் வகுப்பில் ஏபி ஃபிசிக்ஸ் 1 போதுமா, நேரடியாக ஏபி ஃபிசிக்ஸ் சி எடுக்கலாமா?

கேள்வி

நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பொறியியல் படிக்க விரும்பும் என் மகள் செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்புக்குச் செல்கிறாள். இயற்பியலை இதுவரை தனிப்பாடமாகப் படித்ததில்லை. கால்குலஸும் அதே ஆண்டில்தான் தொடங்குகிறது. ஏபி என்பவை பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள். தோழிகள் எடுப்பதால் தானும் ஏபி ஃபிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ் (கால்குலஸ் கொண்டு கற்பிக்கும் இயக்கவியல்) எடுக்க வேண்டும் என்கிறாள். கால்குலஸ் தேவைப்படாத ஃபிசிக்ஸ் 1 எடுத்தால் கல்லூரிகள் குறைவாக எண்ணுமோ என்ற கவலை எங்களுக்கும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஃபிசிக்ஸ் 1 எளிய பாடம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். கப்பியின் இருபுறமும் வெவ்வேறு நிறைகள் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். கப்பிக்கும் நிறை இருந்து, கயிறு வழுக்காமல் அதைச் சுழற்றினால், இருபுறக் கயிற்றிலும் இழுவிசை ஏன் சமமாக இராது என்பதைத் திருப்புவிசையைக் கொண்டு வாக்கியங்களில் விளக்கச் சொல்வார்கள். சூத்திரத்தில் எண்களைப் பொருத்தியே பழகிய நல்ல மாணவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

சி பாடம் வேகமாக நகரும். விழும் பொருளின் மீது வேகத்துக்கு நேர்விகிதத்தில் காற்றுத்தடை செயல்பட்டால், வகைக்கெழுச் சமன்பாடு அமைத்துத் தொகையிட்டு வேகத்தைக் காண வேண்டும். கால்குலஸ் வகுப்பில் தொகையீடு பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில்தான் வரும். இயற்பியல் வகுப்பு அதற்காகக் காத்திருக்காது. உங்கள் மகளுக்கு இப்போது ஃபிசிக்ஸ் 1, பன்னிரண்டாம் வகுப்பில் சி என்பதே என் பரிந்துரை.

மறுமொழி 2

ஆசிரியர் சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் கணிதத்தில் உறுதியான பிள்ளைகள் நேரடியாகச் சி எடுத்துச் சிறப்பாகச் செய்வதைக் கண்டிருக்கிறேன். கிரெடிட் (ஏபி மதிப்பெண்ணைக் கொண்டு கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கிடுவது) விஷயத்தையும் கவனியுங்கள். எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) போன்ற இடத்தில் சி மெக்கானிக்ஸ், சி மின்னியல் காந்தவியல் ஆகிய இரண்டு தேர்வுகளிலும் உச்ச மதிப்பெண்ணான 5 பெற்றால்தான் முதல் இயற்பியல் பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்கும். ஃபிசிக்ஸ் 1 அங்கே உதவாது. பழைய பயிற்சி நூல்களை வாங்க வேண்டாம்: 2025 முதல் சி தேர்வுகள் ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் நடக்கின்றன.

மறுமொழி 3 (முதலில் எழுதிய ஆசிரியர்)

கிரெடிட் பற்றிய தகவல் சரியே. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பின் ஏபி மதிப்பெண்கள் ஜூலையில்தான் வருகின்றன. அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். சேர்க்கைக் குழு பார்ப்பது, அவள் பன்னிரண்டாம் வகுப்பில் சி பாடத்தைத் தேர்ந்திருக்கிறாளா, ஃபிசிக்ஸ் 1 வகுப்பில் எப்படிச் செய்தாள் என்பதையே. ஆகவே இந்த வரிசையால் சேர்க்கையில் அவளுக்கு இழப்பு நேரும் என்று நான் கருதவில்லை. பள்ளியில் இரண்டு சி பாடங்களும் ஒரே ஆண்டில் கற்பிக்கப்படுகின்றனவா என்பதை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.